பேரலைக்கு முன் எழுதிய பெயர்கள்

ஆலம்பட்டினம் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்த தமயந்தி, ஒரு சனிக்கிழமை மதியக் காட்சியில், இன்னும் பத்து நொடியில் சாகப்போகிற டாக்ஸி டிரைவரைப் பார்த்து உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள். திரையில் இருந்தவர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, வால்ட்டர் பிக்கெட் என்று சொன்னார்.

படத்தின் பெயர் ‘ஏழாம் நாள் பேரலை’. அமெரிக்காவில் எடுத்து, சென்னையில் தமிழ் பேச வைத்து, வெள்ளிக்கிழமை வந்து வியாழக்கிழமை போய்விடுகிற படங்களில் ஒன்று. அந்த மாதிரிப் படங்களை மனோன்மணி தியேட்டரில்தான் போடுவார்கள். மனோன்மணி நகராட்சி அலுவலகத்துக்கு எதிரிலேயே இருந்ததாலும், அரை நாள் வேலை பார்க்க வந்த சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவதைவிட குளிர்ந்த இருட்டில் இரண்டு மணி நேரம் உட்காருவது அவளுக்குப் பிடித்திருந்ததாலும், தமயந்தி பல வருஷமாக அந்தப் படங்களைப் பார்த்துவந்தாள். நடிகர் பெயரோ டைரக்டர் பெயரோ அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. ஆனால் அபிப்பிராயம் இருந்தது. அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. பக்கத்து சீட்டில் யார் இருந்தாலும் சொல்லுவாள், யாரும் இல்லாவிட்டாலும் சொல்லுவாள்.

உலகம் அழியப்போகிறது என்று சொல்லும் விஞ்ஞானியை இந்தப் படங்களில் ஏன் ஒருத்தரும் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை என்று கேட்பாள். கதாநாயகன் எப்போதும் விவாகரத்தானவன், பூமி பிளந்தால்தான் பெண்டாட்டியோடு சேருவான், இதற்கு எவ்வளவு செலவு என்பாள். ஜனாதிபதி கொடியின் முன் நின்று பேசுகிற நேரத்தில் நாலு பேருக்கு போன் போட்டிருந்தால் பாதி ஊரைக் காலி பண்ணியிருக்கலாம் என்பாள். நாய் பிழைத்துவிடுகிறது, நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த ஆள் போய்விடுகிறான், அவனை யாரும் தேடுவதில்லை என்பாள். தியேட்டர் மானேஜர் ஞானப்பிரகாசம் இடைவேளையில் அவளைப் பார்த்தால் இந்தப் படம் எப்படி மேடம் என்று கேட்பார். அவள் எப்போதும் ஒரே பதில்தான் சொல்லுவாள்: ஆள் நிறைய செத்துட்டாங்க சார், ஒருத்தர் பேரும் தெரியல.

அதனால் டாக்ஸி டிரைவர் பெயரைச் சொன்னபோது தமயந்தி ஆச்சரியப்படவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையில் இருந்த மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதி, தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டாள். ஹோமர் பிக்கெட் என்றார் அவர். வயது ஐம்பத்து மூன்று. முகவரி சொன்னார், கதவு எண் உட்பட. சொல்லி முடித்துவிட்டு, தனக்குப் பின்னால் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணைக் கைதட்டி அழைத்து, இங்கே பெயர் எழுதுகிறார்கள் என்றார். அந்தப் பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கடலில் எழும்பி வந்துகொண்டிருந்த நாற்பது மாடி உயர அலை, ஆள் ஓடாத தெருவில் நுழைய ஒரு காரணமும் இல்லாமல், துறைமுகத்துக்கு வெளியே நின்றது.

அன்றைக்கு மாலைக் காட்சிக்கு வந்தவர்கள் மதியக் காட்சியே முடியாததைக் கண்டு, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் சுவரோரம் நின்றார்கள். ரசீதில் இடம் தீர்ந்ததும் யாரோ வெளியே போய் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து கொடுத்தார்கள். திரையில் ஜனங்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள், ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப்பார்த்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டார்கள். ஆண்கள் எல்லாருக்கும் ஒரே ஆள்தான் தமிழில் குரல் கொடுத்திருந்தார், அதனால் எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே கட்டைக் குரலில் தகப்பன் பெயர் சொன்னார்கள். எழுதுவதற்கு அது வசதியாகவே இருந்தது.

படத்தின் கதாநாயகன், ஹெலிகாப்டரோடு ஒரு கட்டடத்தின் மேல் காத்திருந்தவன், ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து கீழே இறங்கிவந்து, நான் என் மனைவியையும் மகளையும் காப்பாற்றப் போகவேண்டும், என் பெயரை முதலில் எழுதுங்கள் என்றான்.

“உங்க பேரு எல்லாருக்கும் தெரியும். உட்காருங்க” என்றாள் தமயந்தி.

அவன் உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை காலை தமயந்தி நான்கு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘பெயர்கள் எழுதவேண்டியுள்ளது’ என்று எழுதினாள். ஆணையரும் அதைச் சாதாரணமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவரும் குடும்பத்தோடு போய்ப் பால்கனியில் உட்கார்ந்து பார்த்திருந்தார்.

ஊர் அதைத் தனக்கே உரிய விதத்தில் எடுத்துக்கொண்டது. மீன் ஏலம் முடிந்ததும் கடற்கரையிலிருந்து நேராக மனோன்மணிக்கு வருகிற கூட்டம் ஒன்று உருவானது. அவர்கள் பெயர்களைவிட அலையைத்தான் கவனித்தார்கள். அது நிற்கிற சாய்மானத்தைப் பார்த்து, வாடைக் காற்றில் எழும்பினதா கொண்டலில் எழும்பினதா என்று வாதாடி, இரண்டும் இல்லை, அமெரிக்காவில் காற்றுக்கு வேறு பெயர் இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் திரையிலிருந்த கல்லூரிப் பெண்களிடம் பேச்சுக்கொடுத்து, தலைமுடிக்கு என்ன போடுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டார்கள். மாதா கோவில் தெருவிலிருந்து ஒரு அண்டாவில் சுண்டல் வந்தது, பள்ளிவாசல் தெருவிலிருந்து தேநீர் வந்தது. திரையில் இருப்பவர்களுக்குக் கொடுக்க வழியில்லையே என்று சிலர் வருத்தப்பட்டபோது, அவர்களே பரவாயில்லை என்று சொல்லி, உடைந்த கடைக் கண்ணாடி வழியாகக் கையை விட்டு ரொட்டி எடுத்துத் தின்றார்கள். இந்தப் படங்களில் யாரும் பசியாறி நான் பார்த்ததே இல்லை என்றாள் தமயந்தி, எழுதிக்கொண்டே.

ஒரு ஆளால் எழுதி முடியாது என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தது. நல்ல கையெழுத்து உள்ளவர்கள் வரலாம் என்று ஞானப்பிரகாசம் வாசலில் ஒரு அட்டையில் எழுதி மாட்டினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார், இன்ஷூரன்ஸ் முகவர் வந்தார், பத்திரம் எழுதுகிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தமயந்தி அவர்களை வரிசைக்கு ஒருவராக உட்கார வைத்து, திரையில் இருந்த கூட்டத்தையும் அதற்கேற்பப் பிரித்து நிற்கச் சொன்னாள். பாலத்தில் நிற்பவர்கள் இடப்பக்கம், பேருந்தில் இருப்பவர்கள் நடுவில், பொருட்காட்சிக் கூட்டம் வலப்பக்கம். முகம் தெரிகிற ஆட்கள் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எண்ணிச் சொன்னார்கள்.

அன்று மதியம் தஞ்சாவூரிலிருந்து விநியோகஸ்தரின் ஆள் வைத்தியலிங்கம் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படப்பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்பியாக வேண்டும். ஆறு மணிக்குப் பெட்டியை மூடுவோம், அதற்குள் படம் தானாகவே ஓடி முடிந்துவிடும், அலையை யாரும் நிறுத்திவைக்க முடியாது என்று ஞானப்பிரகாசத்திடம் விளக்கினார். ஞானப்பிரகாசம் அவரைத் தமயந்தியிடம் அழைத்துவந்தார். வைத்தியலிங்கம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தணிந்த குரலில், ஜனங்கள் அலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள், பெயர்ப்பட்டியலைக் கேட்க இல்லை என்றார். அவள் அடுத்த பெயரை எழுதினாள்.

“மேடம், இவங்கள்லாம் துணை நடிகருங்க. ஒரு நாள் வேலைக்கு வந்தவங்க. முடிச்சிட்டு அப்பவே வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“வீட்டுக்குப் போனவங்க நல்லா இருக்கட்டும் சார். இங்க நிக்கிறவங்க பேரை நான் எழுதணும்.”

“எழுதி என்ன ஆகப்போகுது?”

தமயந்தி பேனாவை மூடி வைத்தாள். அந்த வாரத்தில் அவள் பேனாவை மூடியது அந்த ஒருமுறைதான். இருபது வருஷத்துக்கு முன்னால் சுனாமி வந்த டிசம்பரில் தனக்கு இருபத்தாறு வயது, தற்காலிக வேலை, உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஒரு நாற்காலியும் ஒரு நோட்டும் கொடுத்து உட்கார வைத்தார்கள் என்று அவரிடம் சொன்னாள். வந்ததை எழுத வேண்டும். பெயர் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது. பெயர் தெரியாத பெண், கையில் பச்சைக் கண்ணாடி வளையல். நூற்றுப் பதினேழு பேரை அப்படி எழுதினாள். இன்னும் ஒரு நாள் கொடுங்கள், சொந்தக்காரர்கள் வந்து சொல்லிவிடுவார்கள் என்று அதிகாரியிடம் கேட்டாள். நோய் பரவும் என்றார், அவர் சொன்னதும் உண்மைதான், குழிகளும் வெட்டியாகிவிட்டது. சீக்கிரம் எழுதும்மா என்றார். அவள் சீக்கிரம் எழுதினாள்.

“இந்த அலை நிக்குது சார். அந்த அலை நிக்கல” என்றாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

வைத்தியலிங்கம் எழுந்தார். வெளியே போய் தஞ்சாவூருக்கு போன் செய்தார். ஆறு மணி என்பதை ஆறரை ஆக்கக்கூட அங்கே யாரும் சம்மதிக்கவில்லை. திரும்பி வந்து, எனக்கும் கையெழுத்து சுமாராக இருக்கும் என்று சொல்லி ஒரு நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேருந்துக் கூட்டம் அவர் பங்குக்கு வந்தது.

புதனும் வியாழனும் அப்படியே போயின. ஐந்து நாளாக நின்ற அலையின் முகட்டில் கடற்பறவைகள் உட்காரப் பழகியிருந்தன. திரையிலிருந்தவர்களும் தமிழில் தேறியிருந்தார்கள். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டு, அடையாளம் வைத்துக்கொண்டு, பாலத்தில் நின்ற தபால்காரர் பொருட்காட்சியில் பலூன் விற்ற பெண்மணியை வாங்க போங்க என்று பேசும் அளவுக்கு வந்திருந்தார்கள். கதாநாயகன் ஒரு கிழவரின் காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். மனைவியும் மகளும் இருக்கிற கட்டடம் பக்கத்துத் தெருதான் என்றும், நடந்தே போய்விடலாம் என்றும் வால்ட்டர் பிக்கெட் அவனுக்குச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு அறுநூற்றுப் பதினோரு பெயர்கள் ஆகியிருந்தன. மிச்சம் ஒன்று.

ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. மூன்று வயது இருக்கும். படத்தில் அது ஒரு நொடிதான் வரும். அலை தெருவுக்குள் வருகிறது என்று காட்டுவதற்காக ஒரு மஞ்சள் கோட்டு, அவ்வளவுதான். தமயந்தி பெயர் கேட்டாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. தகப்பனார் பெயர் கேட்டாள். குழந்தை ஐஸ்கிரீம் வண்டியைக் காட்டியது. வால்ட்டர் பிக்கெட் தெருமுழுக்க விசாரித்துவிட்டு வந்து, அதற்கு அப்பா அம்மா யாரும் இல்லை, படமெடுத்தவர்கள் அவர்களை வைக்கவே இல்லை என்றார்.

தியேட்டரில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். மேரி என்றார்கள், மின்மினி என்றார்கள், மஞ்சள் என்றே எழுதுங்கள் என்றார்கள். தமயந்தி ஒன்றையும் எழுதவில்லை. படிவத்தில் தகவல் தருபவர் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் ஒரு ஆள் கையெழுத்துப் போட்டு இது இன்னார், எனக்கு இன்ன உறவு என்று சொல்லவேண்டும், சும்மா ஆளுக்கொரு பெயரை எறிந்துவிட்டுப் போகமுடியாது என்றாள். பெயர் தெரியாத பெண் குழந்தை என்று எழுதிவிடலாமே, ஒன்றுதானே என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்து மணி அடித்தது. ஐந்தேகால் ஆனது. அலையின் அடிவாரத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. பறவைகள் எழும்பிவிட்டன.

மூன்றாவது வரிசையில் கனகவல்லி எழுந்து நின்றாள். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் வந்து, வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு ஒரு மகள் இருந்ததும், அந்த டிசம்பரில் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கப் போய்த் திரும்பாததும் ஊருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவள் சொல்லாததால் தெருவிலும் யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் அதே பெயர் வைத்திருந்த பெண்ணைக்கூட இருபது வருஷமாக வேறு பெயரில்தான் கூப்பிட்டார்கள், அந்தப் பெண் கல்யாணப் பத்திரிகையில்தான் தன் பெயரைத் திரும்பப் பார்த்தாள்.

“எழுது தங்கச்சி” என்றாள் கனகவல்லி. “வெண்மதி.”

பின்னால் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுப் பெண் எழுந்து நின்றாள்.

“வயசு மூணு. தகவல் தர்றது நான். பேரு கனகவல்லி.”

தமயந்தி எழுதினாள். எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தைக் கேட்கலாமா வேண்டாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் கேட்காமல் விட்டால் பதிவு முழுமையாகாது.

“உறவு?”

“அம்மா” என்றாள் கனகவல்லி.

அலை அசைந்தது. இனி அதை நிறுத்த முடியாது என்று மீனவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. திரையில் இருந்த அறுநூற்றுப் பதினோரு பேரும் எழுந்து, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தபடி, வாயைப் பிளந்துகொண்டு தெருவோடு நேராக ஓட ஆரம்பித்தார்கள். அப்படி ஓடினால் முப்பது நொடியில் அலை பிடித்துவிடும் என்பது படம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். தமயந்தி நாற்காலி மேல் ஏறி நின்று, அவரவர் எழுதிய பெயர்களை அவரவர் கூப்பிடுங்கள் என்று சொன்னாள்.

தலைமையாசிரியர் வருகைப் பதிவு கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். பத்திரம் எழுதுகிறவர்கள் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள். வைத்தியலிங்கம் பேருந்துக் கூட்டத்தை ஒருவர் விடாமல் கூப்பிட்டார். கூட்டமாக ஓடுகிறவர்களைப் பார்த்து நில்லுங்கள் என்றால் யாரும் நிற்கமாட்டார்கள், ஆனால் தன் பெயரைக் கேட்டால் ஒருவர் திரும்பாமல் இருக்கமுடியாது. பாலத்தில் ஒருவர் திரும்பினார், பிறகு பத்துப் பேர் திரும்பினார்கள், தெரு முழுக்கத் திரும்பியது. மீனவர்கள் வழி சொன்னார்கள். காரை விட்டுவிடுங்கள், தெருவோடு ஓடாதீர்கள், குறுக்கே வெட்டி மேட்டுக்குப் போங்கள், நடக்க முடியாதவர்களை முதலில் தூக்குங்கள், கடல் உள்வாங்கிக் கிடந்தால் மீன் பொறுக்க இறங்காதீர்கள். இவ்வளவையும் அவர்கள் வெகுகாலமாக யாருக்காவது சொல்லவேண்டும் என்று வைத்திருந்தவர்கள்போலச் சொன்னார்கள்.

குழந்தை மட்டும் ஐஸ்கிரீம் வண்டியை விட்டு நகராமல் நின்றது.

கனகவல்லி திரைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். “வெண்மதி” என்று கூப்பிட்டாள். குழந்தைக்குக் கேட்கவில்லை. மறுபடியும், மீன் விற்கிறபோது மூன்று தெருவுக்குக் கேட்குமே அந்தக் குரலில் கூப்பிட்டாள். குழந்தை திரும்பியது.

“கடலப் பாக்காத. இந்தா, அந்த மாமா கையப் புடிச்சிக்க. மேல ஏறு. ஏறிக்கிட்டே இரு.”

வால்ட்டர் பிக்கெட் ஓடிவந்து மஞ்சள் மழைக்கோட்டோடு குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு குன்றின் மேல் ஏறினார். அவருக்கு மூச்சு வாங்கியது. கனகவல்லி அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஏறு ஏறு என்றாள். கொஞ்ச நேரத்தில் தியேட்டரே அதைச் சொன்னது.

அலை வந்தது. பாலத்தை எடுத்துக்கொண்டு போனது, பேருந்தை எடுத்துக்கொண்டு போனது, பொருட்காட்சியின் ராட்டினத்தையும் டாக்ஸியையும் ஐஸ்கிரீம் வண்டியையும் எடுத்துக்கொண்டு போனது. ஆள் ஒருவரையும் எடுக்கவில்லை. கடைசிக் காட்சியில் கதாநாயகன் மனைவியோடும் மகளோடும் குன்றின் உச்சிக்கு வந்து முத்தம் கொடுக்கவேண்டும். அவன் வந்தபோது அங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஏற்கனவே உட்கார்ந்து ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்ததால், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பாறையின் ஓரத்தில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டார்கள். பின்னணிக் குரல், இந்தப் பேரழிவில் நாற்பது லட்சம் பேர் என்று ஆரம்பித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை, நாங்கள் பார்த்தவரை அனைவரும் நலம் என்று முடித்தது. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ஞானப்பிரகாசம் விளக்கைப் போட்டார்.

கனகவல்லி தரையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். யாரும் அவளை எழுப்பவில்லை. எதிர்வீட்டுப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உன்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் இப்போது என்று கனகவல்லி கேட்டதற்கு, அவள் தன் சொந்தப் பெயரையே சொன்னாள்.

பெட்டி அடுத்த ஊருக்குப் போனது. அங்கேயும் படம் அப்படியேதான் முடிந்தது என்றும், தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் முடிகிறது என்றும், அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றும் வைத்தியலிங்கம் போனில் சொன்னார். ஆளே சாகாத அழிவுப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று தஞ்சாவூரில் கோபமாக இருக்கிறார்கள், ஆனால் ஜனங்கள் பார்க்கிறார்கள் என்றார்.

அடுத்த சனிக்கிழமை வேறு படம். நட்சத்திரங்களுக்கு நடுவில் நடக்கிற சண்டை. தமயந்தி வேலை முடிந்து உள்ளே போனபோது, அவள் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கனகவல்லி குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தாள். மடியில் கூடை இல்லை, புதிய நோட்டு ஒன்றும் பேனாவும் இருந்தன. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன், மெதுவாகத்தான் எழுதுவேன் என்றாள். மெதுவாகவே எழுதலாம் என்றாள் தமயந்தி.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியிலேயே முகம் தெரியாத வெள்ளைக் கவசம் போட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து வந்தார்கள். எதிரில் கதாநாயகன் தனியாகத் துப்பாக்கியைத் தூக்கினான்.

“ஒரு நிமிஷம் தம்பி” என்று அவனிடம் சொல்லிவிட்டு, தமயந்தி முன்வரிசைச் சிப்பாயைப் பார்த்தாள். “அந்தத் தொப்பியக் கழட்டுங்க. பேரு சொல்லுங்க.”